ஃபிளெக்ஸில் இருந்த குதிரை

ஃபிளெக்ஸில் இருப்பது மிளகுதான் என்று ஜங்ஷனில் எல்லோரும் சொன்னார்கள். கத்தரீனாளுக்கு மட்டும் அது ஏதோ ஒரு வேற்றுக் குதிரையாகத் தெரிந்தது.

எங்கே பிசகு என்று அவளால் சொல்ல முடியவில்லை. சாம்பலும் கறுப்பும் கலந்த நிறம் சரியாக இருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்தது. ஒரு கண்ணை மறைத்து விழும் நெற்றிமயிர் இருந்தது. மூக்கோரத்துப் பழுப்புகூட இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் மிளகினுடையவை. மொத்தமாகப் பார்த்தால் மிளகு இல்லை. தெரிந்தவரின் தம்பியை பஸ்ஸில் பார்த்துவிட்டு, பேசலாமா வேண்டாமா என்று தடுமாறுவோமே, அப்படித் தடுமாறினாள்.

உடும்பஞ்சோலைப் பக்கம் ஒருவர் இறந்தால் அடக்கத்துக்கு முன்பே ஜங்ஷனில் ஃபிளெக்ஸ் வந்துவிடும். மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடித்த ஃபிளெக்ஸ். சுற்றிலும் வெள்ளைப் பூ, நடுவில் இறந்தவர் முகம், அடியில் அஞ்சலி செலுத்துகிறவர்களின் பெயர். குதிரைக்கு அப்படி வைத்தது இதுதான் முதல் தடவை. ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் சேர்ந்து செய்தார்கள். முன்னால் நின்றவன் ஜிபின்.

"எப்படிக்கா இருக்கு?" என்று ஏணியிலிருந்து இறங்காமலேயே கேட்டான். "நெடுங்கண்டத்துல நம்ம ரிஜின் அண்ணன் அடிச்சுக் குடுத்தாரு. பின்னாடி மேகமெல்லாம் வச்சிருக்காரு பாருங்க."

"சொர்க்கத்துக்குப் போற மாதிரியா?"

"பின்ன? அவன் போகாம இந்த ஸ்டாண்டுல வேற யாரு போவா? வர்க்கீஸ் சேட்டன் செத்தப்பகூட இதுல பாதி சைஸுலதான் வச்சோம். அவரு சம்சாரம் நேத்து இந்த சைஸக் கேட்டதுலேர்ந்து என்னப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கிது."

கத்தரீனாள் சிரித்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். இவ்வளவு அன்பாகச் செய்தவர்களிடம், இது என் குதிரை இல்லை என்று எப்படிச் சொல்வது?

மிளகு ஒரு மட்டக்குதிரை. மட்டக்குதிரையிலும் மட்டம். நின்றால் கத்தரீனாளின் இடுப்பு உயரம்தான். சாந்தன்பாறை போகிற வழியில் இருந்த ஒரு ரிசார்ட்டில், பிள்ளைகளை முதுகில் வைத்துப் புல்தரையைச் சுற்றி வருவதற்காக வாங்கியிருந்தார்கள். அங்கே அதற்குப் பெயர் பெப்பர். கொரோனா வந்து ரிசார்ட் பூட்டப்பட்டபோது, குதிரைக்குத் தீனி போட ஆளில்லை. அங்கே தோட்டக்காரராக இருந்த அவள் கணவர் ஏசுரத்தினம், முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, கயிற்றைப் பிடித்து வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்துவிட்டார்.

"இத வச்சு என்ன பண்ண?" என்று கத்தரீனாள் அன்றைக்குக் கேட்டாள்.

"பூன வளக்கல? அது மாதிரி வச்சுக்கோ" என்றார் கணவர்.

பூனை மாதிரி வைத்துக்கொள்ள அது விடவில்லை. கத்தரீனாளுக்குத் தொழில், ஏலக்காய் எடுக்கிறவர்களுக்குக் காலையில் டீயும் போண்டாவும் கொண்டுபோய்க் கொடுப்பது. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். அதனால் பெரிய மரங்களுக்கு அடியில், சரிவுகளில்தான் அது வளரும். அங்கே ஜீப் ஏறாது. மழைக்காலத்தில் மனிதர்களே வழுக்கிவிழுவார்கள். மிளகின் குளம்பு ஒரு டம்ளர் வாயளவுதான். இரண்டு செடிக்கு நடுவில் எங்கே வைத்தாலும் அதற்கு இடம் இருந்தது. முதுகில் சாக்கை மடித்துப் போட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு டீ கேனைக் கட்டிவிட்டால், தலையை ஆட்டிக்கொண்டு முன்னால் போகும்.

ஒரே ஒரு சட்டம் அதற்கு. இரண்டு கேனும் ஒரே எடையில் இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக் கேனிலிருந்தே ஊற்றிக்கொண்டிருந்தால் அது லேசாகிவிடும், மறுபக்கம் இழுக்கும், சாக்கு சரிந்து வயிற்றுக்குப் போய்விடும். அதனால் வலப்பக்கம் நாலைந்து பேருக்கு ஊற்றினால் இடப்பக்கமும் அத்தனை பேருக்கு ஊற்ற வேண்டும். மறந்தால் மிளகு நின்றுவிடும். திரும்பிக் கேனைப் பார்க்கும். கத்தரீனாளைப் பார்க்கும். "கணக்குப்பிள்ளை பாக்குறாரு, ஊத்துக்கா" என்று காய் எடுக்கிற பெண்கள் கேலி செய்வார்கள்.

கடைசி ஒரு வருடம் அதற்குச் சுமை இல்லை. குதிரையின் கடைவாய்ப் பல் நம் பல்லைப் போல முளைத்து அப்படியே நிற்பதில்லை. தாடைக்குள் நீளமாகப் புதைந்திருக்கும். புல்லை அரைக்க அரைக்க மேலே தேயும். தேய்ந்த அளவுக்கு உள்ளிருந்து மெல்ல வெளியே வரும். பென்சிலைச் சீவுகிற மாதிரிதான். ஒருநாள் பென்சில் தீர்ந்துபோகும். மிளகுக்கும் தீர்ந்துபோனது. புல்லை மென்று, உருண்டையாக்கி, விழுங்க முடியாமல் துப்ப ஆரம்பித்தது. மிருக டாக்டர் அதன் வாயைத் திறந்து காட்டிவிட்டு, "இனிமே கஞ்சிதான்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் தவிடும் அரிசிநொய்யும் குழையக் காய்ச்சி வாளியில் கொண்டுபோவாள். மிளகு தலையைக் குனிந்தால் நெற்றிமயிர் கஞ்சிக்குள் விழுந்துவிடும். அதனால் அவள் அதற்கு எதிரே குந்தி உட்கார்ந்து, வாளியை வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையால் அந்த மயிரை ஒதுக்கிப் பிடித்துக்கொள்வாள். அது குடித்து முடிக்கும்வரை அப்படியே இருப்பாள். ஒரு வருடம், இரண்டு முகங்களுக்கும் நடுவில் ஒரு வாளிதான் இடைவெளி.

இந்த வருட மழை ஓயும் நேரத்தில் ஒரு காலையில் மிளகு எழுந்திருக்கவில்லை. எஸ்டேட் ஜேசிபியை வரவழைத்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த பலாமரத்தடியில் குழி எடுத்துப் புதைத்தார்கள்.

ஃபிளெக்ஸ் வந்த அன்று சாயங்காலம் கணவரிடம் மட்டும் சொல்லிப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் படம் நம்ம மிளகு மாதிரியே இல்லங்க."

"நீ வேற. அவனேதான். இப்ப கனைச்சிருவான் போல இருக்கு, அம்புட்டு அச்சு."

"மூஞ்சி வேற மாதிரி இருக்கு."

"போட்டோல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆதார் கார்டுல உன் மூஞ்சியப் பாத்திருக்கியா? போலீஸ் தேடுற ஆளு மாதிரி இருப்ப."

அவள் சிரிக்கவில்லை. அவர் சொன்னது அவளுக்கு வேறொன்றை ஞாபகப்படுத்தியது. அவளுடைய அம்மா இறந்தபோது வீட்டில் அவருடைய படம் எதுவும் இல்லை. ஓட்டுக் கார்டில் இருந்ததைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். ஃபிளாஷ் வெளிச்சத்தில் மிரண்டுபோய், வாயை இறுக்கிக்கொண்ட ஒரு முகம். அம்மா அப்படி இருந்ததே இல்லை. எந்நேரமும் சிரிக்கிற மனுஷி. ஆனால் வருடக்கணக்காக அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, இப்போது கத்தரீனாள் கண்ணை மூடி அம்மா என்று நினைத்தால் அந்த மிரண்ட முகம்தான் வருகிறது. சிரித்த முகம் எங்கேயோ போய்விட்டது. எவ்வளவு கூப்பிட்டாலும் வரவில்லை.

மிளகுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயந்தாள். பயந்ததுபோலவே ஆகத் தொடங்கியது. முதல் வாரத்தில் கண்ணை மூடினால் வாளிக்கு மேலிருந்து பார்க்கும் முகம் வந்தது. ஜங்ஷன் வழியாகத்தான் தினமும் போய்வர வேண்டும். போகும்போதும் வரும்போதும் ஃபிளெக்ஸ் முன்னால் நின்று, எங்கே தப்பு, எங்கே தப்பு என்று தேடினாள். தேடத் தேட அந்த முகம்தான் மனதில் படிந்தது. பிறகு கண்ணை மூடினால் மேகத்துக்கு நடுவிலிருந்து அந்த வேற்றுக் குதிரை எட்டிப் பார்த்தது.

வேறு படம் கிடைத்தால் நல்லது என்று பக்கத்து லைன் வீட்டில் இருக்கும் ஜோமோளிடம் போனாள். ஃபிளெக்ஸுக்குப் படம் கொடுத்தது அவள்தான். பிளஸ் டூ படிக்கிற பெண். மிளகோடு நின்று படம் எடுப்பது அவளுக்கும் அவள் தோழிகளுக்கும் வழக்கம்.

"எத்தன வேணும் அத்தை? இதுல கெடக்கு, பாத்துக்கோங்க" என்று போனைக் கையில் கொடுத்தாள்.

கத்தரீனாள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சில படங்களில் இருந்தது மிளகு. கலங்கலாக, காதை ஆட்டியதில் பாதி முகம் அழிந்து, அரைக்கண் மூடியிருந்தாலும், அவளுடைய மிளகு. சில படங்களில் இருந்தது அந்த வேற்றுக் குதிரை.

"இது அவன். இது அவன் இல்ல. இது அவன். இதுவும் இல்ல."

"அத்தை, இது ரெண்டும் ஒரே நாள் எடுத்தது. இந்தா, நான் அதே சுடிதார்தான போட்டிருக்கேன். மொதல்ல நான் எடுத்தேன், அப்புறம் போன ஆலீஸ்கிட்ட குடுத்தேன், அவ எடுத்தா. அதுக்குள்ள குதிர மாறிருச்சா?"

"எனக்கு என்னமோ அப்படித்தான் தெரியுது புள்ள."

ஜோமோள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேலியை நிறுத்திக்கொண்டாள். "டீ போடட்டுமா அத்தை?" என்று மட்டும் கேட்டாள். இவளுக்குத் துக்கம் புத்தியைக் கலக்கிவிட்டது என்று அந்தப் பெண் நினைக்கிறாள் என்பது கத்தரீனாளுக்குப் புரிந்தது. ஒருவேளை அதுதானோ என்று அவளுக்கும் தோன்றியது.

முதல் பிடி அவளுடைய கைக்குத்தான் கிடைத்தது. மறுநாள் ஜங்ஷனில் டீ கேனை இறக்கி வைத்துவிட்டு ஃபிளெக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பழக்கத்தில் இடது கை தானாக மேலே எழுந்தது, மயிரை ஒதுக்க. எழுந்த கை நின்றுவிட்டது. அந்தப் பக்கம் மயிர் இல்லை. வெறும் கண்தான் இருந்தது. மயிர் மறுபக்கம் விழுந்திருந்தது.

"ஜிபினு, மயிரு அந்தப் பக்கமாடா விழும் அவனுக்கு?"

ஜிபின் அண்ணாந்து பார்த்தான். "காத்துல விழுந்திருக்கும்கா. என் முடியே காலைல ஒரு பக்கம், சாயங்காலம் ஒரு பக்கம் இருக்கு."

அது நியாயமாகத்தான் பட்டது. மயிர் காற்றில் திரும்பும். ஆனால் சுட்டி திரும்புமா? நெற்றி நடுவில் தொடங்கி ஒரு மூக்குத்துளையைப் பார்த்துச் சாய்ந்து இறங்குகிற வெள்ளைக்கோடு அது. எந்த மூக்குத்துளை? ஃபிளெக்ஸில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மிளகுக்கு எந்தப் பக்கம்? ஒரு வருடம் எதிரே உட்கார்ந்து பார்த்தவள், யோசித்து யோசித்துப் பார்த்தாள். வரவில்லை. கண்ணை மூடினால் ஃபிளெக்ஸ்தான் வந்தது.

அன்று அவள் முடிவு செய்தாள்: இனி அந்த ஃபிளெக்ஸைப் பார்ப்பதில்லை. மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும்.

மறுநாள் தோட்டத்திலிருந்து திரும்பும்போது, ஜங்ஷன் நெருங்கியதும் முகத்தை ரோட்டின் எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். எதிர்ப்பக்கத்தில், கொண்டை ஊசி வளைவில், எதிரே வரும் வண்டி தெரிவதற்காக நட்டிருந்த பெரிய வட்டக் கண்ணாடி இருந்தது. மழை ஓய்ந்து வெயில் அடித்துக்கொண்டிருந்ததால் பளிச்சென்று இருந்தது. அதற்குள் வளைந்த ரோடு, குட்டியாக ஆட்டோக்கள், மூலையில் குட்டியாக ஒரு ஃபிளெக்ஸ்.

ஃபிளெக்ஸுக்குள் மிளகு.

அவள் ரோட்டு நடுவிலேயே நின்றுவிட்டாள். வேற்றுக் குதிரை இல்லை, மிளகு. மயிர் அதன் இடத்தில், அவளுடைய இடது கைப் பக்கம். சுட்டி மறுபக்கமாகச் சாய்ந்து. கஞ்சி போதும் என்பதுபோல் பார்க்கும் அதே பார்வை. பின்னால் ஒரு ஜீப் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தது.

ஜிபின் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தான். "என்னக்கா, சாகப் பாக்கிறீங்களா? அப்புறம் உங்களுக்கும் நான்தான் ஃபிளெக்ஸ் வைக்கணும்."

"அங்க இருக்கான்டா அவன்."

"எங்க?"

"கண்ணாடிக்குள்ள."

ஜிபின் பயந்துபோய் அவளைப் பார்த்தான். பிறகு அவள் தோளைப் பிடித்தபடியே கண்ணாடியைப் பார்த்தான். "ஃபிளெக்ஸுதான்கா தெரியுது. அதே படந்தான். கண்ணாடில எல்லாம் திரும்பித்தான தெரியும்? எழுத்தப் பாருங்க, ஒன்னும் படிக்க முடியல."

"ஆமா, எழுத்து திரும்பித் தெரியுது. அவன் நேராத் தெரியுறான்."

"அதெப்படி? திரும்புனா ரெண்டும்தான திரும்பும்?"

சொல்லிவிட்டு ஜிபின் நின்றான். ஃபிளெக்ஸைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான், மறுபடி ஃபிளெக்ஸைப் பார்த்தான். கத்தரீனாளும் அவனோடு சேர்ந்து யோசித்தாள். எதிரே ஃபிளெக்ஸில் எழுத்து நேராக இருக்கிறது, முகம் தப்பாக இருக்கிறது. கண்ணாடியில் எழுத்து தப்பாக இருக்கிறது, முகம் நேராக இருக்கிறது. கண்ணாடி ஆள் பார்த்துத் திருப்பாது. எல்லாவற்றையும் ஒரு தடவை திருப்பும். நேராக இருந்த எழுத்தைத் திருப்பினால் தப்பாகப் போகும். அப்படியானால், திருப்பி நேராக வந்தது முன்பே திரும்பியிருக்க வேண்டும்.

"அவன் மூஞ்சிய ஏற்கெனவே யாரோ ஒருக்கா திருப்பியிருக்காங்கடா" என்றாள்.

ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜோமோளை ஜிபின் கைதட்டிக் கூப்பிட்டான். அவள் கேட்டுவிட்டு, "ஐயோ!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு டம்ளரை எடுத்து வலது கையில் தூக்கிப் பிடித்து, முன்பக்கக் கேமராவால் தன்னையே ஒரு படம் எடுத்தாள். படத்தில் இருந்த ஜோமோளிடம் டம்ளர் இடது கையில் இருந்தது. போனை ஜிபினிடம் கொடுத்து, அதேபோல் நின்று பின்பக்கக் கேமராவால் எடுக்கச் சொன்னாள். டம்ளர் வலது கைக்கு வந்துவிட்டது.

"நம்ம மூஞ்சிய நம்ம கண்ணாடிலதான அத்தை பாத்துப் பழகியிருக்கோம்? அதனால செல்ஃபி எடுத்தா சில போனு கண்ணாடி மாதிரியே வச்சிரும். அப்பத்தான் நமக்கு நம்ம மூஞ்சி புடிக்கும். எனக்கு இது தெரியும் அத்தை. ஆனா கூட நிக்கிற குதிரையும் திரும்பியிருக்கும்னு தோணவே இல்ல. ஆலீஸ் எடுத்ததெல்லாம் பின்பக்கக் கேமரா. அதான் அதுல உங்களுக்கு அவன் தெரிஞ்சான்."

"அப்ப ரிஜினுக்கு நீ குடுத்தது?"

"செல்ஃபி. அவன் போன மோந்து பாத்தான் அத்தை, அதான் அதுல மட்டும் மூஞ்சி நேரா, தெளிவா விழுந்துச்சு. நான் என்னய வெட்டி எடுத்துட்டுக் குடுத்தேன்."

"எனக்கு ஏன்டா தெரியல?" என்று ஜிபின் தன்னையே கேட்டுக்கொண்டான். "தெனம் பாக்குறவன்தான நானு?"

"நீ டீ கேனப் பாத்திருப்ப" என்றாள் கத்தரீனாள்.

அது உண்மைதான். ஸ்டாண்டுக்காரர்கள் மிளகை விலாப்பக்கமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். ஏசுரத்தினம் எப்போதும் கயிற்றைப் பிடித்துப் பக்கத்தில் நடந்தவர். எதிரே உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்தவள் இவள் ஒருத்திதான். அவளுடைய புத்தி கலங்கவில்லை. அவள் எதையும் மறக்கவும் இல்லை.

அவள் மறுபடி வளைவுக் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மிளகு செத்த அன்றுகூட அழாத அழுகையை அழுதாள். ஜோமோள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஜிபின் என்ன செய்வதென்று தெரியாமல், டீ கேன் இரண்டையும் எடுத்துத் தன் ஆட்டோவில் வைத்தான். பிறகு ரிஜினுக்குப் போன் போட்டுச் சத்தமாகச் சண்டை பிடித்தான்.

"அண்ணே, உங்க தப்பு இல்லண்ணே. யாரு தப்பும் இல்ல. ஆனா மறுபடி அடிக்கணும். இல்லண்ணே, வேற குதிர இல்ல, அதே குதிரதான். கேளுங்கண்ணே, மொதல்ல."

ரிஜினுக்குப் புரிய வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், "இதுக்கா இம்புட்டு?" என்று சிரித்தார். கம்ப்யூட்டரில் எழுத்து ஒரு அடுக்கு, பூவும் மேகமும் ஒரு அடுக்கு, குதிரை தனி அடுக்கு. ஒன்றைத் தொட்டால் மற்றது அசையாது. அடுத்த நாள் மதியம் நெடுங்கண்டம் பஸ்ஸில் சுருட்டிக் கொடுத்துவிட்டார். ஜிபின் பழையதைக் கழற்றி, விறகுக்கு மேல் போர்த்திக்கொள்ளச் சொல்லி ஏசுரத்தினத்திடம் கொடுத்தான். புதியதை அதே சட்டத்தில் இழுத்து அடித்தான். கத்தரீனாள் கீழே நின்று பார்த்தாள். அன்று வீட்டுக்கு வந்து கண்ணை மூடியபோது, வாளிக்கு மேலிருந்து பார்க்கும் முகம் வந்தது.

செய்தது இவ்வளவுதான். எழுத்தைத் தொடாமல், குதிரையின் படத்தை மட்டும் இடம் வலமாக ஒரு தடவை திருப்பிப் போட்டு, மறுபடி அச்சடித்தார்கள்.